இடது கால்

பெரியவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் சின்னவன் ஒருத்தன்தான்.

விமானக் கிளப்பின் வேலியோரம் காரை நிறுத்திவிட்டு, ஓர் ஆப்பிளைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அண்ணன் இறங்கியதும் இவன் ஏறுவதாக ஏற்பாடு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் குட்டி விமானத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பங்கு உண்டு. வாரம் முழுக்கக் கடைவீதியில் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடப்பார்கள். முன்னால் பெரியவன் கண் பரிசோதிப்பான், பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவன் கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வானம். கடைக்கு வருகிறவர்களே அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வீட்டு வரிச் சீட்டோடு சரி.

அன்று காற்று கொஞ்சம் கூடுதல். விமானம் ஓடுபாதைக்கு இணையாகப் போய், ஒருமுறை திரும்பி, உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஓடுபாதைக்கு நேராக வருவதற்கு இன்னும் ஒரே ஒரு இடதுபக்கத் திருப்பம் பாக்கி. முதுகில் காற்று தள்ளியதில் சற்று வேகமாக வந்து, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டதுபோல் பட்டது. அதைச் சின்னவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ தடவை அவனே தாண்டியிருக்கிறான்.

மறு நொடி இடது இறக்கை பொசுக்கென்று கீழே போனது. யாரோ அதைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி. விமானத்தின் வயிறு தெரிந்தது, பிறகு முதுகு தெரிந்தது, மூக்கு மண்ணைப் பார்த்தது. அப்படியே சுழலப் பார்த்தது. ஒரு முழுச் சுற்றுக்குக்கூட உயரம் இல்லை.

வேலிக்கு அப்பால் உழுது போட்டிருந்த நிலம். புழுதி எழுந்தது, அதன் பிறகுதான் சத்தம் வந்தது. சின்னவன் எப்படி வேலியைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளங்கையில் கம்பி கிழித்திருந்ததைச் சாயங்காலம் யாரோ சொல்லித்தான் பார்த்தான்.

நெருப்புப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவன் பக்கத்தில் போயிருக்க முடியாது, பார்த்ததையெல்லாம் பார்த்திருக்கவும் மாட்டான். பெட்ரோல் நாற்றத்துக்கும் புது மண் வாசனைக்கும் நடுவில் அண்ணன் பெல்ட்டோடு முன்னால் சாய்ந்திருந்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் போலத்தான் இருந்தது. சின்னவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தீயணைப்பு ஆட்கள் வந்து உடலை எடுத்தார்கள். இடது காலை விடுவிக்கத்தான் வெகு நேரம் ஆயிற்று. விமானத்தின் மூக்கைத் திருப்புகிற மிதிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் இரும்பை அறுத்து எடுத்தார்கள்.

முதலில் வந்து கேட்டவரிடமே சின்னவன் சொன்னான்: "இன்ஜின் நின்னுபோச்சு. சத்தம் அடங்கினதை நான் காதால கேட்டேன்."

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த நேரத்தில் அதற்குக் கால் முளைத்துவிட்டது. மாலைக்குள் கிளப் முழுக்கப் போய், அங்கிருந்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்ஜின் நின்றது என்றால் இன்ஜினைப் பார்த்துக்கொண்டவன் யார்? கிளப்பின் மெக்கானிக்.

அவருக்கு அங்கே பெயர் சொட்டு. ராத்திரி விமானத்தின் வயிற்றுக்கடியில் ஒரு வெள்ளைத்துணியை விரித்துவிட்டுப் போவார். காலையில் அதில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தாலும் அன்றைக்கு யாரும் பறக்க முடியாது. எத்தனை கெஞ்சினாலும் நடக்காது. "சொட்டுன்னா சொட்டுதான்" என்பார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், எப்போதும் காதில் ஒரு பென்சில்.

அடக்கத்துக்கு அவரும் வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவரை அண்ணன் தம்பியின் அம்மா பார்த்துவிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது. ஆனால் அவள் பேசினது எல்லோருக்கும் கேட்டது.

"வாப்பா. கிட்ட வந்து பாரு. உன் கைவேலை எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போ."

சொட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சின்னவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். அடிக்கவில்லை. அடிப்பதற்குள் நாலு பேர் விலக்கிவிட்டார்கள். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து மண்ணில் விழுந்தன. சொட்டு குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனார். அது ஏனோ சின்னவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

விசாரணை முடியும்வரை சொட்டு எந்த விமானத்தையும் தொடக்கூடாது என்று கிளப் சொல்லிவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு ஓயாத ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொள்வார். "நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. என்ன நெனச்சீங்கங்கறது எனக்கு வேண்டாம்" என்றுதான் ஆரம்பித்தார். சின்னவன் இன்ஜின் நின்றதைச் சொன்னான். எப்போது நின்றது, விழுவதற்கு முன்னாலா, விழும்போதா என்று கேட்டார். முன்னால்தான் என்றான். ஓர் இம்மிகூடச் சந்தேகம் இல்லாமல் சொன்னான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவன் தலைக்குள் அந்த அமைதி அப்படியே இருந்தது.

கடையைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தான். பெரியவன் உட்கார்ந்த முக்காலியில் இவன் உட்கார்ந்தான். கண் பார்க்க வருகிறவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்ஜின் கோளாறாமே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்வதில் ஒரு தெம்பு இருந்தது. யார் மேலாவது கோபப்பட முடிகிற துக்கம் கொஞ்சம் தூக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அதிகாரி வீட்டு ஆட்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அம்மா, அண்ணி, சின்னவன் மூவரும் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கடைசித் திருப்பத்துல விமானம் ஸ்டால் ஆயிருக்கு."

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "பாத்தியாடா? நின்னுபோச்சுன்னு அவரே சொல்றாரு. நம்ம பழைய காரு சிக்னல்ல ஸ்டால் ஆகும்ல, அதே மாதிரி."

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. இதற்கு முன்னாலும் இதே இடத்தில் இதே வார்த்தையில் யாரோ தடுக்கி விழுந்திருக்க வேண்டும். "அது வேறம்மா. இன்ஜின் ஓடிட்டுத்தான் இருந்துது. பிரிச்சுப் பாத்தாச்சு, ஒரு குறையும் இல்ல. விசிறி சுத்திக்கிட்டேதான் மண்ணுக்குள்ள போயிருக்கு. ஸ்டால் ஆனது இறக்கை."

"இறக்கை எப்படிங்க நிக்கும்?" என்று அண்ணி கேட்டாள். அங்கே வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான்.

"இறக்கை காத்தைப் புடிச்சுக்கிட்டுதான் நிக்குது. வேகம் கம்மியா இருக்கறப்ப மூக்கை ரொம்பத் தூக்கினா அந்தப் பிடி விட்டுடும். ரெண்டு பக்கமும் ஒண்ணா விட்டா சமாளிச்சுடலாம். ஒரு பக்கம் முந்திக்கிட்டா சுத்த ஆரம்பிச்சுடும். மேல இருந்தா எடுத்துடலாம். அவரு இருந்த உயரத்துல யாராலயும் எடுக்க முடியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "இடது மிதி முழுக்க அழுந்தி இருந்துது. அதுதான் இடது இறக்கையை முந்த வச்சுது."

"அப்ப எம்புள்ள மேல தப்புங்கறீங்க."

"அப்படி நான் சொல்லலம்மா. நடந்ததைச் சொல்றேன்."

சின்னவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றான். "சார், திருப்பத்துல காலைப் போட்டு அழுத்தக்கூடாதுங்கறது ஒண்ணாங்கிளாஸ் பாடம். எங்கண்ணனுக்குத் தெரியாதா? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு."

"தெரிஞ்சிருக்கும்" என்றார் அதிகாரி. "நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பதில்தான் சின்னவனை விடாமல் அரித்தது. மறுநாளே கடையைச் சாத்திவிட்டுக் கிளப்புக்குப் போனான். அண்ணன் தம்பி இருவருக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் அங்கே இருந்தாள். நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, பேச்சைவிடப் பார்வையால் அதிகம் திட்டுகிற பெண்மணி. எல்லோருக்கும் அவள் கேப்டன்.

"அந்த ஆளு சொல்றது தப்புன்னு நிரூபிக்கணும் கேப்டன். எங்கண்ணன் அப்படிச் செய்யறவர் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுங்க."

"நான் எதையும் நிரூபிக்க மாட்டேன்" என்றாள். "நீங்க பறந்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"அன்னைக்கு அப்புறம் ஏறல."

"வாங்க, ஏறுவோம்."

கிளப்பின் பயிற்சி விமானத்தில் வெகு உயரத்துக்கு ஏறினார்கள். கீழே நேர்க்கோடாக ஒரு கால்வாய். கேப்டன் அதைக் காட்டினாள். "அதுதான் ஓடுபாதை. உயரம் காட்டற இந்த முள்ளு மூவாயிரம் அடியைத் தொட்டா அதுதான் தரை, அதுக்குக் கீழ எல்லாம் மண்ணு. அன்னைக்கு மாதிரியே காத்து முதுகுல வர்ற மாதிரி கொண்டு போங்க. எறங்கற மாதிரியே எறங்கிக் காட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

முதல் திருப்பம் ஒழுங்காக வந்தது. உயரம் குறைந்தது, காற்று பின்னாலிருந்து தள்ளியது. எதிரில் கால்வாய் அருகே வந்தது, இன்னும் அருகே வந்தது. சின்னவன் திரும்பத் தொடங்கினான். அவன் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் கால்வாய் அடியில் நழுவி இடப்பக்கம் பின்னால் போய்விட்டது.

"தாண்டிட்டீங்க" என்றாள் கேப்டன், காய்கறி விலை சொல்கிற குரலில்.

இறக்கையை இன்னும் சாய்த்தால் திரும்பிவிடும். ஆனால் முள் மூவாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தரைக்குக் கிட்டத்தில் அதிகமாகச் சாய்க்காதே என்று உடம்பில் ஊறிக் கிடந்த பயம் கையைப் பிடித்துக்கொண்டது. கை சாய்க்க மறுத்தது. மூக்கு மட்டும் எப்படியாவது கால்வாய்ப் பக்கம் வந்துவிட்டால் போதும். வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இடது இறக்கை தானாகத் தாழப் பார்த்தது, கை அதை வலப்பக்கம் பிடித்து நிறுத்தியது. மூக்கு இறங்கியது, கை, விமானத்தை ஓட்டும் பிடியை அவன் வயிற்றை நோக்கி இழுத்தது. எல்லாம் அவன் கட்டுக்குள் இருப்பதாகத்தான் சின்னவன் சத்தியமாக நம்பினான்.

வானம் காணாமல் போனது.

இடது பக்கம் ஒரு குழி திறந்து விமானம் அதற்குள் தலைகுப்புற விழுந்த மாதிரி இருந்தது. கால்வாய், வயல், மரம் எல்லாம் ராட்டினம்போல் கண்ணாடியில் சுற்றின. அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். விழும்போது பின்னால் இழுக்காத மனுஷன் யார்?

"கையை எடுங்க" என்றாள் கேப்டன். பிடியை முன்னால் தள்ளினாள், வலது மிதியை அழுத்தினாள். சுற்றல் நின்றது. விமானம் நிமிர்ந்தது. எதுவுமே நடக்காததுபோல் இன்ஜின் பாடிக்கொண்டிருந்தது.

அவள் முள்ளைக் காட்டினாள். அது மூவாயிரத்துக்கு வெகு கீழே நின்றது. "இப்ப தரை எங்க இருக்கு?"

சின்னவன் சொன்னான்: "தலைக்கு மேல."

"காலைப் பாருங்க."

பார்த்தான். அவனுடைய இடது கால் இன்னும் மிதியில்தான் இருந்தது. முட்டி நிமிர்ந்து, விரல்நுனி வரை விறைத்து அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது போய் அழுத்தியது என்று அவனுக்குத் தெரியவில்லை. இருட்டில் செருப்பைத் துழாவுகிற கால் மாதிரி, அவனைக் கேட்காமல் அதுவே போயிருக்கிறது. தீயணைப்பு ஆட்கள் இரும்பை அறுத்தது அப்போது நினைவுக்கு வந்தது. அவன் குனிந்து இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக் காலை மிதியிலிருந்து எடுத்தான்.

நிமிர்ந்து கேட்டான்: "இன்னொரு தடவை போகலாமா?"

மறுபடியும் போனார்கள். தெரிந்தே போனதால் இந்த முறை கால் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆனால் நகராமல் இல்லை. மூன்றாம் முறை கால்வாய் அடியில் நழுவியதும் கேப்டன் சொன்னாள்: "விட்டுடுங்க. நேரா மேல போங்க." சின்னவன் இன்ஜின் வேகத்தைக் கூட்டி, திருப்பத்தை விட்டுவிட்டு நேராக மேலே ஏறினான். விமானம் சொன்னபடி கேட்டது. ஒரு சிரமமும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

இறங்கின பிறகு இருவரும் விமானத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். சின்னவன் இன்ஜின் சத்தம் அடங்கினதைப் பற்றிக் கேட்டான். இறங்கும்போது எல்லோருமே இன்ஜினைக் குறைத்துத்தானே வருகிறோம், காற்றும் எதிர்ப்பக்கம் அடித்திருந்தால் உங்கள் காதுக்கு என்ன வந்திருக்கும் என்றாள். அதுவும் அவனுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தது எதுவுமே அன்றைக்கு அவன் கைக்கு வரவில்லை.

"விட்டுட்டு மேல போயிருக்கலாமே கேப்டன். ஏன் போகல?"

"எறங்க முடியாம இன்னொரு சுத்து சுத்திட்டு வர்றவங்களுக்கு நம்ம கிளப்புல என்ன பேரு?"

ஊர்சுத்தி என்று பேர். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பெரியவனே எத்தனை பேரை அப்படிக் கேலி செய்திருக்கிறான்.

"நானும் உக்காந்து அந்த டீயைக் குடிச்சவதான்" என்றாள் கேப்டன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் சொல்வதற்குச் சின்னவனுக்குச் சில நாட்கள் பிடித்தன. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்த பிறகு சொன்னான். இன்ஜின் நிற்கவில்லை, நான் கேட்டது தப்பு, மேலே போய் நானே செய்து பார்த்தேன், என் காலும் அதையேதான் செய்தது. கையை விமானம்போல் விரித்து, மேசை விளிம்பை ஓடுபாதையாக வைத்து, எப்படித் தாண்டியது, எப்படிக் கவிழ்ந்தது என்று காட்டினான். அண்ணி கண்ணெடுக்காமல் அந்தக் கையையே பார்த்தாள்.

அம்மா கேட்டாள்: "செத்தவன் எந்திரிச்சு வந்து பேச மாட்டாங்கற தைரியமாடா?"

"அம்மா, அவர் மேல பழி போடல. யாரா இருந்தாலும்…"

"அந்த ஆளைக் காப்பாத்த எம்புள்ளையை ரெண்டாவது தடவை கொல்ற. உங்கண்ணன் முட்டாளுன்னு ஊரு பேசட்டும். பேச வச்சுட்டு நீ கடையில உக்காரு."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அவன் எதிரிலேயே அண்ணியிடம், "அவன்கிட்டச் சொல்லு" என்பாள்.

அண்ணி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"தம்பி, இத்தனை நாள் அந்த மெக்கானிக்கை நெனச்சுத்தான் ராத்திரி பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருந்தேன். அதுலதான் பொழுது போச்சு. இனிமே நான் யாரைத் திட்டட்டும்?"

"என்னைத் திட்டுங்க அண்ணி."

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது" என்றாள். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து கேட்டாள்: "அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொன்னீங்களா?"

சொட்டு வீட்டை விசாரித்துப் போவது கஷ்டமாக இல்லை. கதவைத் தட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் மனைவி திறந்தாள். முகம் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள்.

சொட்டு கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு லாரி பட்டறையில் டயர் மாற்றுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். காதில் பென்சில் இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"உக்காருங்க சின்னவரே" என்றார்.

சின்னவன் உட்காரவில்லை. "விசாரணையில சொல்லிட்டாங்க. இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். சட்டையைப் புடிச்சது… பெரிய தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

சொட்டு திருப்புளியைக் கீழே வைத்தார். வைத்த கை லேசாக நடுங்கியது.

"சட்டை போகட்டும். பொத்தான் வச்சுத் தச்சாச்சு. நீங்க இன்ஜின் நின்னுதுன்னு சொன்னீங்கள்ல, அதை நான் என்ன பண்ணேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நம்பிட்டேன்" என்றார் சொட்டு. "நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. கூடப் பொறந்தவர், கண்ணால பாத்தவர், காதால கேட்டேங்கறார். அப்ப நான்தான் எதையோ விட்டுட்டேன். எதை விட்டேன்? எந்தக் குழாயை முடுக்கல? தினம் படுக்கையில கிடந்து அந்த இன்ஜினை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டிப் பாப்பேன். எல்லாம் சரியா இருக்கும். காலையில எந்திரிச்சா, இல்ல, ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சுன்னு தோணும். இவகிட்டயே சொல்லிட்டேன், ஒரு உசிரைக் கொன்னுட்டேண்டின்னு."

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள், கோபம் இல்லாமல், களைத்துப்போன குரலில்: "ஒருநா பட்டறையிலேர்ந்து வராமப் போயிட்டாரு. பாலத்துக்கிட்ட நின்னவரைத் தெரிஞ்சவங்க கூட்டிட்டு வந்தாங்க."

"அதை எதுக்கு இப்ப" என்றார் சொட்டு.

சின்னவன் அப்போதுதான் உட்கார்ந்தான். "கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் அண்ணே. உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும். ஆனா நான் வர மாட்டேன்." அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க. லாரி டயருக்கு இந்தக் கை போதும். ஆளு ஏறிப் பறக்கறதை இந்தக் கையால தொட மாட்டேன்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை…"

"அதை இப்பக் கேக்காதீங்க" என்றார் சொட்டு. "பெரியவர் நல்ல மனுஷன். அவருக்காக இன்னும் நான் அழுது முடிக்கல. எங்க அழ விட்டீங்க?"

திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். சின்னவன் எழுந்து வெளியே வந்தான்.

கிளப் கூட்டத்தில் அவன் எல்லார் முன்னிலையிலும் சொன்னான். கேப்டனும் எழுந்து, அந்த டீ வழக்கத்தைப் பற்றிப் பேசினாள். சிலர் தலையை ஆட்டினார்கள், சிலர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டுவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. புது மெக்கானிக் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர்தான். துணி விரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அண்ணி கடைக்கு வர ஆரம்பித்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வில்லை தேய்க்கக் கற்றுக்கொண்டாள். முதலில் நாலைந்தை உடைத்தாள், பிறகு கை பழகிவிட்டது. நாள் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து இயந்திரத்தின் சத்தம் மட்டும் வரும். சின்னவன் அதற்குப் பிறகு பறக்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. காரில் க்ளட்சை மிதிக்கும்போதுகூட இடது காலைக் குனிந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது அவனுக்கு.

ஒரு மதியம் அம்மா கடைக்கு வந்தாள். யாரும் அழைத்து வரவில்லை, தனியாகவே வந்திருந்தாள். அண்ணியிடம், "கண்ணு மங்கலாத் தெரியுது. அவன்கிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சின்னவன் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் பொருத்தினான். காதோரம் சரிசெய்யும்போது அவள் மூச்சு அவன் கையில் பட்டது. ஒரு கண்ணை மறைத்தான். வில்லையைப் போட்டான்.

"எழுத்துத் தெரியுதா?"

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி, அவனிடமே, கேட்டாள்: "அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தடுப்புக்குப் பின்னால் இயந்திரம் நின்றது.

"எதும்மா?"

"விழப் போறோம்னு."

சின்னவன் அடுத்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எப்போதாவது இதைக் கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். சொல்வதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தான். வாயில் வந்தது வேறு.

"தெரிஞ்சிருக்கும்மா. கொஞ்ச நேரம்."

அவள் தலையசைத்தாள். சட்டம் மூக்கில் நழுவியது, தானே சரிசெய்துகொண்டாள்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

அம்மா சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"மேல் வரி தெரியுது. கீழ ஒண்ணும் தெரியல. வேற போடு."